‘வேண்டாம்’ சொல்லக் கற்றுத் தரப்படும்

தட்டு நிறையச் சூடான பழம்பொரி. அதைப் பிரசீதாவின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு, “உனக்காகவே சுட்டது, ஒன்றாவது எடுத்துக்கொள்” என்று ஜெர்மன் மொழியில் கெஞ்சுகிறார் ரெஜிலா டீச்சர். அந்தக் குரலில் அப்படியொரு பாசம். பிரசீதா ஒரு நொடி தயங்குகிறாள். வாழைப்பழ வாசனை வேறு ஆளைக் கொல்கிறது. கை நீள்கிறது. “யா, டாங்கே” என்கிறாள். சரி, நன்றி என்று அர்த்தம்.

“எறங்கு கீழ!” என்று டீச்சர் தமிழுக்குத் தாவிக் கத்துகிறார். “தந்தா உடனே எடுத்துருவியா? உனக்க வீட்டுல ஒண்ணும் தர மாட்டாளா? எறங்கு பிள்ளே!”

பிரசீதா கையில் பழம்பொரியோடு ஒரு படி இறங்குகிறாள். அவள் ஏற்கெனவே நின்றது பன்னிரண்டாவது படி. மேலிருந்து எண்ணினால் பன்னிரண்டு. இன்னும் இரண்டு இறங்கினால் முற்றம், முற்றத்தில் டீச்சர் வீட்டு நாய். அந்த நாய்க்கும் பிரசீதாவுக்கும் இந்த ஒரு மாதத்தில் நல்ல பழக்கமாகிவிட்டது.

கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில், ஷீட்டுக் கூரை போட்ட மொட்டை மாடியும் வெளிப்பக்கமாக ஏறும் பதினான்கு படிகளும் கொண்ட வீடு டீச்சருடையது. அந்த மாடியில்தான் பதினொரு நர்ஸுகள் தினம் காலை ஏழு மணிக்கு ஜெர்மன் படிக்கிறார்கள். படித்து, பி-ஒன் என்கிற பரீட்சையில் தேறினால் ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஜெர்மன் வகுப்பு உண்டு. ஆனால் படிக்கட்டில் நடக்கிற வகுப்பு இது ஒன்றுதான்.

சட்டம் எளிது. டீச்சர் ஏதாவது ஒன்றைக் கேட்பார், கொடுப்பார், அல்லது யோசனை சொல்வார். ‘யா’ என்று ஒத்துக்கொண்டால் ஒரு படி கீழே. ‘நைன்’, அதாவது முடியாது என்று சொல்லி, கூடவே ‘வைல்’ என்று தொடங்கி ஏன் முடியாது என்று காரணமும் சொன்னால் ஒரு படி மேலே. வெறும் நைனுக்கு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். “காரணம் இல்லாத நைன் வெறும் திமிராக்கும். திமிருக்கு மார்க் கெடையாது” என்பார் டீச்சர்.

எதற்கு இந்தக் கூத்து என்று நானும் முதல் நாள் கேட்டேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாரே, பேச்சுப் பரீட்சையில ரெண்டு பேரை ஒண்ணா இருத்துவாங்க. ஒரு காரியம் குடுப்பாங்க. ஒரு கூட்டுக்காரி ஊருக்குப் போறா, அவளுக்கு ஒரு விருந்து வைக்கணும், ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கன்னு சொல்லுவாங்க. ஒருத்தி சனிக்கிழமைன்னு சொன்னா மத்தவ ஞாயித்துக்கிழமைன்னு சொல்லணும். அவ வீட்டுலன்னா இவ பார்க்குலன்னு சொல்லணும். மல்லுக்கட்டினாத்தான் பேச்சு வரும், பேச்சு வந்தாத்தான் மார்க் வரும். எனக்க பிள்ளைகளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும் கேட்டியளா. அடுத்த ஆளு சொல்லிப்போட்டா அதை வேண்டாம்னு மட்டும் சொல்ல வராது.”

பிரசீதாவின் கதையே இதற்குச் சாட்சி. ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டும் பொன்னப்பனின் மகள், இருபத்தொன்பது வயது, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாசிப்பு, எழுத்து, கேட்பு எல்லாவற்றிலும் முதல் தரம். பேச்சில் மட்டும் இரண்டு முறை தோற்றாள். முதல் முறை ஜோடியாக வந்த பெண் என்ன சொன்னாலும் ‘நல்ல யோசனை’ என்றாள். ஐந்து நிமிடம் போட வேண்டிய திட்டம் நாற்பது நொடியில் முடிந்தது. வேறு ஏதாவது உண்டா என்று பரீட்சைக்காரர்கள் பாவமாகக் கேட்டார்கள். ‘ஒன்றும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்றாளாம்.

இரண்டாம் முறை விதி இன்னும் மோசம். ஜோடியாக வாய்த்தவளும் இதே எல்லைப்புறத்துப் பெண். “நீங்கள் சொல்லுங்கள்” என்றாள் இவள். “இல்லையில்லை, நீங்களே சொல்லுங்கள்” என்றாள் அவள். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஒருவரை ஒருவர் தள்ளுகிற மாதிரி ஐந்து நிமிடமும் தள்ளிக்கொண்டே இருந்தார்களாம். விருந்து நடக்கவில்லை.

இப்போது மூன்றாம் முறை. ஜெர்மனி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஜூன் முப்பதுக்குள் சான்றிதழ் வரவில்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. பரீட்சை ஜூன் இருபது. இதை விட்டால் அந்தக் கெடுவுக்குள் இன்னொரு பரீட்சை கிடையாது. முதல் பரீட்சைக்கு முன்பே ஆசையாக வாங்கி வைத்த பெரிய சூட்கேஸில் இப்போது அம்மா போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறார். “அதைப் பாக்கும்போ எனக்கு நெஞ்சு எரியும் சார்” என்றாள் பிரசீதா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் சிரிப்பாள் அவள், அதுவும் டீச்சருக்குப் பிடிக்காது.

நான் யார் என்று சொல்லவில்லையே. மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, நாற்பத்து மூன்று வயதில், பயன்பாட்டு மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று கிளம்பியவன். இருமொழி பேசும் ஊரில் மூன்றாவது மொழியை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பது தலைப்பு. இருபத்தொரு நாள் இந்த மாடியில் உட்கார அனுமதி கேட்டேன். டீச்சர் யோசிக்கவேயில்லை. “அதுக்கென்ன சார், வாருங்க” என்றார். போன உடனே கை வைத்த நல்ல நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார்கள். பின்சி என்ற குண்டுப் பெண் மட்டும் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியில் உட்கார்ந்து பாடம் கேட்பாள். என்ன எளிமை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

என் கையில் வினாத்தாள் இருந்தது. இருபத்திரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘சிறிதும் உடன்படவில்லை’ வரை ஐந்து கட்டங்கள். மலையாளத்தில் ஒரு கட்டு, தமிழில் ஒரு கட்டு கொண்டுபோயிருந்தேன். தமிழ்க் கட்டை முதலில் வெளியே எடுத்தேன், அவ்வளவுதான், பதினொரு பேரும் “தமிழ்தான் சார் எங்களுக்கும்” என்றார்கள். பேச்சில் தமிழ்தான், சந்தேகமே இல்லை. ஆனால் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். அவர்களில் ஏழு பேருக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கவே வராது என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவள் காதில் ஓத, கேட்டுக் கேட்டு நிரப்பியிருக்கிறார்கள், புண்ணியவதிகள்.

நிரப்பிய தாள்களை வாங்கிப் பார்த்தேன். ‘மொழி கற்க இலக்கணமே அடிப்படை’: முழுமையாக உடன்படுகிறேன், பதினொரு பேரும். ‘இலக்கணம் இல்லாமலே மொழி கற்கலாம்’: முழுமையாக உடன்படுகிறேன், அதே பதினொரு பேர். படிக்காமல் டிக் அடிக்கிறவர்களைப் பிடிப்பதற்கென்றே நடுவில் ஒரு பொறி வாக்கியம் வைத்திருந்தேன்: ‘நான் இதுவரை எந்த மொழியிலும் பேசியதில்லை.’ அதற்கும் முழுமையாக உடன்பட்டிருந்தார்கள். கடைசி வாக்கியம், ‘இந்த ஆராய்ச்சியாளரின் வருகை வகுப்புக்குப் பயன் தந்தது.’ அதற்கு டிக் கூடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பன்னிரண்டாவது தாள் ஒன்றும் இருந்தது, அச்சு அசலாக அதே மாதிரி. அது டீச்சருடையது.

“ஏம்மா, எந்த மொழியிலும் பேசியதே இல்லையா நீங்கள்?” என்று பின்சியிடம் கேட்டேன். அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

“இல்ல சார்” என்றாள் பின்சி, வாளியிலிருந்து எழுந்து. “நீங்க மதுரையில இருந்து பஸ்ஸு மாறி மாறி வந்து ஒரு காரியம் கேக்குறிய. அது அப்பிடி இல்லன்னு மொகத்துல அடிச்ச மாதிரி எப்பிடி சொல்லுது?”

என் நெறியாளர் போனில் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. எழுதினால் பத்திரிகை திருப்பி அனுப்பிவிடும்.

டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. ஒல்லி. சேலை முந்தானையை இடுப்பில் செருகியபடிதான் எந்நேரமும் இருப்பார். பாடம் நடத்தும்போது ஐந்தாறு ஆட்களாக மாறுவார். மீன்காரி, பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரி மேட்ரன், சர்ச் பாட்டுக் குழுத் தலைவர், எல்லாரும் ஜெர்மன் பேசுவார்கள். கண்டக்டர் பேசும்போது கக்கத்தில் பை இருக்கிற மாதிரியே கை மடங்கும். ஷீட்டின் மேல் மழை பிடித்துவிட்டால் இலக்கணம் கிடையாது, சண்டை மட்டும்தான். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி மறுக்க வேண்டும். ஜூன் மாதம் முழுக்க அந்த மாடியில் ‘நைன்! நைன்!’ என்று ஒரே அலறல். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள்.

சுவரில் ஜெர்மனி வரைபடம். போன பிள்ளைகள் அறுபத்து மூன்று பேர் இருக்கிற ஊர்களிலெல்லாம் குண்டூசி. எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருட்டும், எந்த ரயில் தாமதமாக வரும், எந்தக் கடையில் நல்ல அரிசி கிடைக்கும், எல்லாம் டீச்சருக்கு அத்துப்படி. “அந்த ரயிலை நம்பாதே மக்கா, அது நம்ம நாகர்கோவில் பாசஞ்சரை விடக் கேடு” என்பார். ஆனால் ஆள் ஒருநாளும் அங்கே போனதில்லை.

ஏன் போகவில்லை என்பதை அவர் கணவர் சஜுதான் சொன்னார். பாறசாலையில் பைக் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார், வாயில் எப்போதும் சிரிப்பு. பன்னிரண்டு வருஷம் முன்பு டீச்சர் பரீட்சையில் முதல் ஆளாகத் தேறினார். வேலை வந்தது, விசா வந்தது. சர்ச்சில் வழியனுப்பு ஜெபம்கூட முடிந்தது. ஜெபம் முடிந்து வெளியே வரும்போது அத்தை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, “போய்த்தான் ஆகணுமா மக்கா?” என்று கேட்டார். “நீங்க வேண்டாம்னா போவல்ல அத்தை” என்று சொல்லிவிட்டார் இவர். சொன்னது சொன்னதுதான், போகவில்லை.

“அந்த அத்தை இப்பவும் சொல்லுவாங்க சாரே, நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதாக்கும்னு” என்றார் சஜு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். வகுப்பு நடுவே போன் அடிக்கும். மகளிர் ஐக்கியச் செயலாளராக இன்னொரு வருஷம் இருக்க முடியுமா? “அதுக்கென்ன.” பக்கத்து வீட்டுக்காரர்கள் வேளாங்கண்ணி போகிறார்கள், நாலு நாள் பசுவைப் பார்த்துக்கொள்ள முடியுமா? “அதுக்கென்ன.” ஜெர்மனியிலிருந்து பிள்ளைகள் அனுப்புகிற சாக்லேட் பெட்டி வந்த அன்றே காலியாகிவிடும், யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். போனை வைத்துவிட்டு, “எங்க விட்டோம்? ஆ, நைன்!” என்று பாடத்தைத் தொடர்வார். சஜு சொல்வார்: “இவளுக்க நாக்குல நைன் உண்டு சாரே. ‘முடியாது’ன்னு ஒண்ணு கெடையாது.”

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தபோதும் பிரசீதா பத்தாவது படிக்கு மேல் ஏறவில்லை. டீச்சர் கெஞ்சினார், திட்டினார், அழக்கூட அழுதார். ‘உன் நகையெல்லாம் எனக்குத் தா’ என்று ஜெர்மன் மொழியில் கேட்டுப் பார்த்தார். பிரசீதா காதில் கை வைத்துத் தோட்டைத் திருகிவிட்டாள். “என் தெய்வமே!” என்று தலையில் அடித்துக்கொண்டார் டீச்சர்.

அப்போதுதான் சஜுவின் காலில் பைக் சைலன்சர் சுட்டது. நல்ல வேளை, சுட்டது. கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆராய்ச்சியாளன் சும்மா இருப்பானா, நானும் ஒட்டிக்கொண்டேன். பிரசீதா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் நாங்கள் நின்றபோது உள்ளே ரெத்தினதாஸ் என்ற பழைய பஸ் டிரைவரின் கட்டிலைச் சுற்றி ஒரு படையே நின்றது. மகள், மருமகன், தூக்குப் பாத்திரத்தில் அடைப் பாயசம். “ஒரே ஒரு கரண்டி மோளே, பேரனுக்க பிறந்தநாளு” என்று கும்பிடுகிறார் அவர்.

எதிரே வெள்ளை உடுப்பில் பிரசீதா. இடுப்பில் கை.

“ஒரு கரண்டியும் கெடையாது. என்னத்துக்குன்னா சுகர் முந்நூத்தி இருபது. நேத்து சொன்னேன், இண்ணைக்கும் சொல்லுதேன், நாளைக்கும் இதுதான். அக்கா, பாத்திரத்தை வெளிய கொண்டு போங்க. அண்ணே, நீங்களும் கட்டில்ல இரிக்கப்பிடாது, எழும்புங்க. பாட்டா, கும்பிட்டா ஊசிக்க அளவு கொறையாது ஆக்கும்.”

ரெத்தினதாஸ் கையை இறக்கிவிட்டார். படை பின்வாங்கியது. முகத்தில் அடித்த மாதிரி அல்ல, அவர்கள் எல்லாரும் என்னவோ நிம்மதியாகத்தான் போனார்கள்.

டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் தடம் இரண்டு நாள் இருந்தது. “கேட்டியளா சாரே? கேட்டியளா? நைன்! பின்னாலயே வைல்லும் உண்டு!” கத்தியே விட்டார். கட்டு மாற்ற வந்த சஜு நொண்டிக்கொண்டு தனியாகப் போய் வரிசையில் நின்றார். ஒரு இடத்தில் வராத பேச்சு இன்னொரு இடத்தில், இன்னொரு உடுப்பில் வெள்ளமாக வரும் என்று நான் ஏழெட்டுப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதி. டீச்சர் வாசலில் நின்று ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

மறுநாள் உத்தரவு: பிரசீதா யூனிபாரத்தில் வர வேண்டும், மற்ற பத்துப் பேரும் நோயாளிகள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்க முடியாது. பின்சி தலை முழுக்கத் துண்டைக் கட்டிக்கொண்டு வாளியில் முனகினாள். ஒருத்தி படியில் குறுக்கே படுத்துவிட்டாள். டீச்சர் சுகர் நோயாளி, கையில் பழம்பொரித் தட்டு. மழையோ மழை. பிரசீதா முற்றத்திலிருந்து தொடங்கினாள்.

“ஒன்று தின்கிறேனே?” என்றார் டீச்சர் ஜெர்மன் மொழியில்.

“நைன்! வைல் உங்களுக்குச் சர்க்கரை!” ஒரு படி.

“இன்று வீட்டுக்குப் போகலாமா?” “நைன், வைல் காய்ச்சல்!” இன்னொரு படி. “சனிக்கிழமை பாட்டுப் போட்டு ஆடலாமா?” “நைன், வைல் அடுத்த கட்டிலில் நோயாளி தூங்குகிறார்!” பின்சி துண்டுக்குள்ளிருந்து விசிலடித்தாள். பிரசீதா பாதி வழியில் நிற்கவேயில்லை, இரண்டிரண்டு படியாகத் தாவி, கடைசியில் டீச்சர் கையிலிருந்த தட்டையே பிடுங்கிக்கொண்டு மாடிக்கு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. எல்லாரும் கத்திய கத்தலில் நாய் குரைத்து, பக்கத்து வீட்டுப் பசுவும் சேர்ந்துகொண்டது. ஆராய்ச்சி மறந்து நானும் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன். என்ன வெட்கம் இதில்?

ஜூன் இருபது. யூனிபாரம் போட்டுப் போக முடியாதே, சுடிதார்தான். ஆஸ்பத்திரிப் பெயர்ப் பட்டையைத் துப்பட்டாவின் உள்பக்கம் குத்திக்கொண்டு காலை பஸ்ஸில் திருவனந்தபுரம் போனாள். மாலை நாலு மணிக்கு அவள் திரும்பி வரும்வரை டீச்சர் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார், கூட நாங்கள் பதினொரு பேர்.

“ஜோடி யாரு?” என்று டீச்சர் எழுந்தார்.

“அகிலேஷ்னு ஒரு பையன் டீச்சர், டவுன்காரன். நல்ல பேச்சு. கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு வழியனுப்பு விருந்து, அதாக்கும் காரியம். வந்த உடனே சனிக்கிழமை ராத்திரி, மொட்டை மாடி, பீரு, கிரில்லுன்னு அடுக்கினான்.”

“நீ?”

“துப்பட்டாவைப் பிடிச்சேன் டீச்சர். பிடிச்ச உடனே அவன் எனக்கு நாலாம் நம்பர் கட்டில் பாட்டா மாதிரி தெரிஞ்சான். ராத்திரி வேண்டாம், என்னத்துக்குன்னா காலையில எல்லாருக்கும் டூட்டி. பீரு வேண்டாம், என்னத்துக்குன்னா வண்டி ஓட்டணும். கிரில்லு வேண்டாம், என்னத்துக்குன்னா பொகை. எல்லாம் ஜெர்மன்ல சொன்னேன். பகல்ல, உள்ள இருந்து, சூப்பு குடிக்கலாம்னு சொன்னேன்.”

“சூப்பா?”

“அவனுக்கு மொகம் விழுந்துபோச்சு டீச்சர். பின்ன பாவம் தோணி, கேக் ஒண்ணு வைக்கலாம், ஆனா சின்னதுன்னு சொன்னேன். பரீட்சை எடுக்குற அம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. எழும்பி வரும்போ அவன்கிட்ட, தண்ணி நெறைய குடிங்கன்னும் சொல்லிப்போட்டேன்.”

முடிவு இருபத்தாறாம் தேதி மின்னஞ்சலில் வந்தது. தேறிவிட்டாள், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. சான்றிதழ் அன்றே ஜெர்மனிக்குப் போனது, ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலமே பதிலும் வந்தது. பொன்னப்பன் ரப்பர் வெட்டும் கத்தியோடு அப்படியே ஓடி வந்து போர்வைகளை எல்லாம் கட்டிலில் கொட்டினாராம். அம்மா சூட்கேஸை வெயிலில் காய வைத்தாராம். அந்த மழையில் வெயில் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் எனக்கு இருபத்தொன்றாம் நாள், கடைசி நாள். மாடியில் லட்டு, சாயா, பழம்பொரி. இன்று யாரும் எதையும் மறுக்க வேண்டாம் என்று டீச்சரே பொது மன்னிப்பு வழங்கியிருந்தார். பிரசீதாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்:

“விசா வர எப்பிடியும் நாலஞ்சு மாசம் ஆவும் இல்லியா மக்கா? அதுவரை இஞ்ச நின்னு புது பேட்ச்சுக்குச் சொல்லிக் குடேன். எனக்கும் ஒரு கை ஒதவி.”

எல்லாரும் பிரசீதா ‘செரி டீச்சர்’ என்று சொல்லக் காத்திருந்தோம். அவளும் அதற்குத்தான் வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். அன்று யூனிபாரம் இல்லை, பெயர்ப் பட்டையும் இல்லை.

“இல்ல டீச்சர்” என்றாள்.

ஜெர்மன் இல்லை. வீட்டுப் பேச்சு. பின்சியின் கையில் லட்டு அப்படியே நின்றது.

“என்னத்துக்குன்னா...” பிரசீதா தோளில் கிடந்த டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர் அண்ணைக்கு ஒருக்க செரின்னு சொன்னிய. அதோட இஞ்சயே நின்னுபோச்சு. நானும் இப்ப செரின்னு நின்னா, பின்ன நானும் நின்னுபோவேன். எனக்குப் பயமா இருக்கு டீச்சர்.”

டீச்சர் அவளையே பார்த்தார். கண் நிறைந்தது. அந்தக் கண்ணோடு, மாடியே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், நான் அப்படி ஒரு சிரிப்பை இதுவரை கேட்டதில்லை. “காரணமும் உண்டு!” என்று அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “ஒரு படி மேல ஏறு பிள்ளே!”

“ஏற இனி படி இல்ல டீச்சர்” என்றாள் பிரசீதா, அழுதுகொண்டே.

அப்போது டீச்சரின் போன் அடித்தது. எடுத்தார், கேட்டார். “அதுக்...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். “பசுவா? இல்லக்கா, இந்தத் தடவை முடியாது. என்னத்துக்குன்னா அது என்னை முட்டுது” என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்துவிட்டுக் கையை உதறினார், சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போல.

பிறகு நேராக என்னிடம் வந்தார்.

“சாரே, எனக்க பேப்பரை ஒருக்க தாருங்க.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்து, தாளைப் படிக்கட்டுச் சுவரில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். இருபத்தொன்று வரை ஒன்றையும் தொடவில்லை. கடைசி வரிக்கு வந்தார். ‘இந்த ஆராய்ச்சியாளரின் வருகை வகுப்புக்குப் பயன் தந்தது.’ சிவப்புப் பேனாவை எடுத்து, தான் முன்பு போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தார். பேனா ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, கோடியில் இருந்த ‘சிறிதும் உடன்படவில்லை’யில் போய் நின்றது. அழுத்தி ஒரு டிக். பக்கத்தில் சின்ன எழுத்தில் என்னவோ எழுதி, மை காய ஊதி, தாளைத் திருப்பித் தந்தார்.

இருபத்தொரு நாளில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அது. கன்னாபின்னாவென்று சந்தோஷத்தோடு, ஓரத்தில் எழுதியிருந்த காரணத்தைப் படித்தேன். ‘பின்சிக்கு இருக்க நாற்காலி இல்லை.’

நான் எழுந்தேன். டீச்சர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சியின் பக்கத்தில் போட்டார். பெயின்ட் வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்து, மேலே ஒட்டியிருந்த லட்டுத் துகளை முந்தானையால் தட்டிவிட்டார்.